கண்டாவளையில் நின்ற வான்

கிளிநொச்சி
09.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? அந்த எண்ணெயை மிச்சம் பிடிக்காமல் பூசுங்கள், முடிந்துபோனால் வேறு வாங்கி அனுப்புவேன்.

மற்றப் பிள்ளைகள் தகப்பனோடு போனில் கதைக்கிறார்கள். நான் கிழமை முழுவதும் நடந்ததைச் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை எழுத உட்காருகிறேன். யுத்தத்தில் விழுந்த அந்த ஷெல் உங்கள் காதுகளைக் கொண்டுபோயிராவிட்டால் எனக்கு இவ்வளவு எழுத வந்திருக்காது.

இந்தக் கிழமை சொல்ல இருக்கும் புதினம் இதுதான். எங்கள் பொதி விநியோகக் கம்பனி எல்லா வான்களுக்கும் ஜி.பி.எஸ். பூட்டிவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்னத் திரை. ஒரு பெண் குரல் இங்கிலீசில் வழி சொல்கிறது. தருமபுரத்துக்கு அங்கால் வயல் வரம்பை வீதியென்று நினைத்து அதில் திரும்பச் சொல்கிறாள்! எனக்கு இந்த ஊர்களில் தெரியாத சந்தோ ஒழுங்கையோ இல்லை, அதனால் அவளைக் கதைக்க விட்டுவிட்டு நான் என் பாட்டில் ஓடுகிறேன்.

அது வழி மட்டும் காட்டுவதில்லை. வான் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒபிசுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து வானை வீட்டுக்குக் கொண்டுபோனாலும் நிற்காது. "என்ர மனிசி கூட என்னை இப்பிடிக் கேக்கமாட்டா" என்று என்னோடு வான் ஓடும் அனோஜன் புறுபுறுக்கிறான். அந்த வரைபடத்தைப் பார்க்கும் வேலை நம்மூர் சதீஸுக்குக் கிடைத்திருக்கிறது.

கிளையில் நான் ஒருத்திதான் பெண் சாரதி. இத்தனை காலத்தில் என் வானில் ஒரு கீறல் விழவில்லை. அதை நீங்கள் ஊரில் சொல்லலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
சுகந்தினி


ஒட்டுசுட்டான்
23.02.2025

அன்பு மகள் சுகந்தினிக்கு அப்பா எழுதுவது,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. அருவி வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. பின் வளவில் யானை வந்து இரண்டு வாழையைச் சரித்துவிட்டுப் போனது, வேறு சேதம் இல்லை.

பிள்ளை, உன்னை நான் பார்த்தேன்! நேற்று ஜெமீலின் தேநீர்க் கடையில் இருக்கும்போது சதீஸ் லீவில் வந்திருந்தான். போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான். வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி பரந்தனைத் தாண்டி ஓடியது. அவன் வாயசைத்ததைப் பார்த்து விளங்கிக்கொண்டேன். "இதுதான் உங்கட மகள்" என்றான். கடையில் இருந்த சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. நான் என் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, நீ வேகம் குறைப்பதையும் நிற்பதையும் புறப்படுவதையும் ஒரு மணித்தியாலம் பார்த்தேன். என் மகள் வன்னி முழுக்க ஓடுகிறாள் என்று தெரியும். கண்ணால் காண்பது வேறு.

சதீஸோடு வந்த ஒரு தம்பி எனக்குப் பிளேன்ரீயும் றோலும் வாங்கித் தந்தான். மரியாதையான பொடியன். நீ கண்டாவளைப் பக்கம் எந்த நாட்களில் போகிறாய் என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். பிறகு இரண்டு பேரும் உன் பழைய ஓட்டங்களைத் திருப்பிப் பார்த்தார்கள். நீ போன பாதையெல்லாம் கோடு கோடாய்க் கிடக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அப்பா
செல்வராசா


கிளிநொச்சி
02.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நானும் இருக்கிறேன்.

நீங்கள் சந்தோசப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இனி அந்தப் போனைப் பார்க்க வேண்டாம். சதீஸ் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்தவனின் பெயர் என்ன? எந்த ஊர்? எதில் வந்தான்? தெரிந்ததை உடனே எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்பு மகள்
சுகந்தினி


ஒட்டுசுட்டான்
16.03.2025

அன்பு மகளுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

அந்தத் தம்பியின் பெயர் தெரியாது. புதுக்குடியிருப்புப் பக்கம் என்று ஜெமீல் சொன்னார். சிவப்பு மோட்டார்சைக்கிள். நெற்றியில் பழைய தழும்பு ஒன்று.

நீ கேட்டதற்குச் சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். வியாழக்கிழமைகளில் உன் வான் கண்டாவளையில் ஓர் ஒழுங்கைக்குள் அரை மணித்தியாலம் நிற்கிறதாம். அங்கே கடையும் இல்லை, பொதி கொடுக்கிற வீடும் இல்லையாம். சதீஸ் இதைக் கடையில் இருந்து சொன்னதை வாயசைவில் பிடித்தேன். சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் மற்றவர்கள் சிரித்தது தெரிந்தது.

யாரும் இருந்தால் சொல்லு. நல்ல மனுசன் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். உன் அம்மா பேச்சியம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பாய். ஒளித்து நிற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா


கிளிநொச்சி
23.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கண்டாவளையில் எனக்கென்று ஓர் ஆண் இல்லை. அங்கே நான் நிற்பது உண்மை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் நிற்கிறேன், கம்பனி நேரத்தில் அல்ல. ஏன் நிற்கிறேன் என்பது என் கதை இல்லை, இன்னொருவருடையது. அதை நான் உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

முகாமையாளர் விஜிதரனிடம் போனேன். எங்கள் ஓட்டத்தைத் தேநீர்க் கடையில் காட்டுகிறார்கள், நிறுத்துங்கள் என்றேன். அவர் கணினியைவிட்டுத் தலை நிமிரவில்லை. "கொம்பனியின்ர வான், கொம்பனியின்ர மெசின். ஒளிக்க ஒண்டுமில்லையெண்டால் ஏன் தங்கச்சி பயப்பிடுறீங்கள்?" என்றார்.

"வான் கொம்பனியின்ரதான் சேர். நான் கொம்பனியின்ர இல்லை" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரும்பவும் குனிந்துவிட்டார்.

மகள்
சுகந்தினி


கிளிநொச்சி
20.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சுகம் அறிய ஆவல். வருடப்பிறப்புக்கு உடுக்க அனுப்பிய சாரம் கிடைத்ததா? ஒட்டுசுட்டான் பஸ் கொண்டக்டரிடம்தான் கொடுத்துவிட்டேன். உங்கள் கையில் தந்ததாகச் சொன்னார்.

உங்கள் கடிதம் ஒன்றும் வரவில்லை. நான் வரட்டுமா, வேண்டாமா என்றாவது எழுதுங்கள்.

சுகந்தினி


கிளிநொச்சி
11.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எழுதாவிட்டாலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். சதீஸின் வாயால் கேள்விப்பட முன்னம் இந்தச் செய்தி என் கையால் வர வேண்டும்.

என்னை வேலையிலிருந்து இடைநிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை அந்த ஒழுங்கைக்குத் திரும்பியபோது முகப்பில் சிவப்பு மோட்டார்சைக்கிள் நின்றது. நெற்றித் தழும்பைக் கண்டேன். ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் தட்டி விசாரித்துக்கொண்டு வந்தான். வானை நிறுத்தாமல் அவனைக் கடந்து போய்ப் பிரதேச செயலகத்துக்கு முன்னால், சனம் நிற்கிற இடத்தில் விட்டேன். பொதிகளோடு வானைப் பூட்டினேன். கம்பனி தந்த போனையும் உள்ளே போட்டுப் பூட்டினேன். அனோஜனின் அண்ணன் அங்கே ஓட்டோ ஓட்டுகிறவர். "அண்ணை, ஓட்டோவைத் தாங்கோ, ஒண்டும் கேக்காதேங்கோ" என்றேன். திறப்பைச் சாவிக்கொத்தோடு தந்துவிட்டார்.

பின் வழியால் போனேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். பின்னேரம்தான் திரும்பினேன். வரைபடத்தில் என் வான் பின்னேரம்வரை செயலகத்துக்கு முன்னால் அசையாமல் நின்றிருக்கிறது. பிறகு அவனும் அதைப் பார்த்து ஒழுங்கையை விட்டு அங்கேயே வந்து காவல் நின்றிருக்கிறான். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு பொதியும் தொலையவில்லை. ஆனால் வானைக் கைவிட்டுப் போனதற்கு விளக்கம் கேட்கிறார்கள். விளக்கம் கேட்கும் அறையில் சதீஸும் இருக்கிறான். நான் வாய் திறக்கவில்லை. "சுகந்தினி யாரோடயோ ஓட்டோவில போனவள்" என்று இப்போது கிளிநொச்சியில் கதை.

நான் அழவில்லை, அப்பா. அப்படி நினைத்து வருந்த வேண்டாம்.

உங்கள் மகள்
சுகந்தினி


ஒட்டுசுட்டான்
18.05.2025

என் அன்பு மகளுக்கு,

நான் சுகம். சாரத்தை இன்றைக்குத்தான் உடுத்தேன். நல்ல சாரம்.

இரண்டு மாதம் உனக்கு எழுதாமல் இருந்தேன். எழுத உட்காருவேன், அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும், பேனையை வைத்துவிடுவேன். உன் கடைசிக் கடிதத்தை வாசித்த பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது.

உன் அப்பப்பா தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில், லயத்து வீட்டைவிட்டு ஒரு நாள் எங்கே போனாலும் கணக்கப்பிள்ளை கேட்பாராம். எங்கே போனாய், யாரைப் பார்த்தாய்? எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்துத் துரத்த, இங்கே வந்து காட்டை வெட்டிக் குடிசை போட்டபோது, பாம்பும் யானையும் இருந்தாலும் கேட்க ஆள் இல்லையே என்று அவர் சந்தோசப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு எங்கள் காலத்தில் யுத்தத்தோடு பயணத்துக்குப் பாஸ் வந்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகவும் ஒருவனுக்கு முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டும். உன் அம்மாவின் வருத்தத்தை, ஒரு பெண்ணின் நோயை, நான் முன்பின் தெரியாத ஆண்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அப்படிப்பட்ட நான் என் மகளிடம் காரணம் கேட்டிருக்கிறேன்.

நேற்று ஜெமீலின் கடைக்குப் போனேன். சதீஸ் இருந்தான். போனை எடுத்தான். நான் எழும்பி நின்று சொன்னேன். என் சத்தம் எனக்குத் தெரியாது, பெரிதாகத்தான் வந்திருக்க வேண்டும், வீதியில் போனவர்கள் நின்றார்கள்.

"என்ர மகள் எங்க நிண்டவள் எண்டு எனக்குத் தெரியாது. தெரியத் தேவையுமில்லை. அவள் நிண்டால் அங்க நிக்க வேணும் எண்டுதான் நிண்டிருப்பாள்."

ஜெமீல் கல்லாவைவிட்டு வந்தார். அவர் வாயை நன்றாகப் பார்த்தேன். "தம்பி, அந்தப் போனை உள்ளுக்கு வையும். என்ர கடையில ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர பயணத்தை வைச்சு இனிக் கதை நடக்காது" என்றார். சதீஸ் குடித்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

நீ வாய் திறக்காதே. வேலை போனால் போகட்டும். வீட்டில் நெல் இருக்கிறது, காணியும் இருக்கிறது.

உன் அப்பா


கிளிநொச்சி
15.06.2025

என் அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். சுகமாக இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை நடந்தது. வவுனியாத் தலைமை ஒபிசிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தா. விஜிதரன் சேரும் சதீஸும் பக்கத்தில். அன்று பின்னேரம்வரை எங்கே போனேன் என்று அவா கேட்டா.

"சொல்லமாட்டன் மிஸ். அது ஒரு ஆளின்ர உயிர் சம்பந்தப்பட்டது. வானை விட்டுப் போனது என்ர பிழை, அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் நானும் ஒண்டு கேக்க வேணும். என்ர வான் எங்க நிக்குது எண்டு யார் யார் பாத்தவை?"

"சதீஸ் மட்டும்தானே?" என்று அவா விஜிதரன் சேரைப் பார்த்தா. அவர் தலையாட்டினார்.

"கணினியில பாருங்கோ மிஸ்" என்றேன்.

அவா கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தா. சதீஸின் கடவுச்சொல்லைப் போட்டு ஏழெட்டுப் போன்களில் எங்கள் வரைபடம் திறந்திருந்தது. அவன் கூட்டாளிகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறான். அப்பா, சதீஸ் கொலைகாரன் இல்லை. கையில் ஒன்று கிடைத்தால் நாலு பேருக்குக் காட்டித் தன்னைப் பெரியவனாக நினைக்கிறவன். ஆனால் அவன் காட்டிய நாலு பேரில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்று அவன் யோசிக்கவில்லை.

அந்த நேரம் கதவைத் தட்டிக்கொண்டு அனோஜன் வந்தான். அவனுக்குப் பின்னால் எங்கள் கிளைச் சாரதிகள் எல்லோரும். நான் கூப்பிடவில்லை. அனோஜன் தன் வான் திறப்பை மேசையில் வைத்தான்.

"என்ர அம்மாவைப் புற்றுநோய்க் கிளினிக்குக்குக் கொண்டுபோனது லீவு நாளில. அம்மாவுக்கே வருத்தத்தின்ர பேரைச் சொல்லேல்லை. வான் அங்க நிண்டதைப் பாத்திட்டு ஊர் வந்து அம்மாவிட்ட கேட்டது மிஸ்" என்றான். ஒவ்வொருவராகத் திறப்பை வைத்தார்கள். வாசலில் பொதிகள் ஏற்றிய வான்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் அசையவில்லை.

மத்தியானத்துக்குள் முடிவு வந்தது. வேலை நேரம் முடிந்ததும் அந்த மெசினை நாங்களே நிறுத்தலாம். வரைபடத்தை இனி முகாமையாளர் மட்டும் பார்ப்பார், அதுவும் எப்போது பார்த்தார் என்று எங்களுக்கும் தெரிய வரும். பழைய ஓட்டங்களை அழிக்கிறார்கள். சதீஸைப் பொதி பிரிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வானைக் கைவிட்டுப் போனதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டேன். அது நான் செய்ததுதானே. இன்னொரு முறை வந்தாலும் செய்வேன் என்று மட்டும் சொல்லவில்லை.

நாளைக் காலை திரும்பவும் வான் எடுக்கிறேன்.

உங்கள் மகள்
சுகந்தினி


29.06.2025

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். என் பெயர் பிரஷாந்தினி. சுகந்தினியோடு ஒன்றாகப் படித்தவள். எந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்று போடவில்லை, குறை நினைக்காதீர்கள். இந்தக் கடிதத்தையும் வேறோர் ஊரில் தபாலில் போடச் சொல்லித்தான் கொடுத்துவிடுகிறேன்.

உங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்தவர் என் கணவர். வெளியில் மரியாதையானவர். வீட்டுக்குள் நானும் என் மகனும் பட்டதை எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசி முறை அவர் மண்ணெண்ணெய்க் கானை எடுத்தபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சுகந்தினிதான் கண்டாவளையில் ஒரு வீடு பார்த்துத் தந்தாள். நான் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பேன். அவள் வியாழக்கிழமைகளில் துணி கொண்டுவந்து தந்து, தைத்ததைக் கடைகளுக்குக் கொண்டுபோவாள். அந்த அரை மணித்தியாலம்தான் நான் கிழமை முழுவதும் ஒரு மனுசரோடு கதைத்த நேரம். மகனைத் தன் சாரதி ஆசனத்தில் இருத்தி ஸ்டியரிங்கைப் பிடிக்க விடுவாள்.

எங்களுக்கு வேறு இடம் தேடிக்கொண்டிருந்தாள், அது சரிவர முன்னம் அவர் வந்துவிட்டார். அன்றைக்கு அவர் ஒழுங்கையில் முன் படலைகளைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அவள் பின் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தாள். ஓட்டோவில் எங்களை ஏற்றி, வழியெல்லாம் மகனுக்குக் கதை சொல்லிக்கொண்டே ஓட்டினாள். அவனுக்கு நாலு வயது. அது சுற்றுலா என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். இப்போது நாங்கள் பத்திரமாக இருக்கிறோம். நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை தந்திருக்கிறது.

என் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் வேலைக்கு ஒன்றும் வந்திருக்காது. பெயரும் கெட்டிருக்காது. "அப்பாவுக்காவது சொல்லு" என்று நான் கெஞ்சினேன். "தேவையில்லை, அவர் கேக்காமலே நம்பிட்டார்" என்றாள். உங்கள் கடிதத்தை எனக்குப் பாதி வாசித்துக் காட்டிவிட்டு, மிச்சத்தை வாசிக்க முடியாமல் நிறுத்திவிட்டாள்.

நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். ஆனால் உங்கள் மகள் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வணக்கத்துடன்
பிரஷாந்தினி


ஒட்டுசுட்டான்
13.07.2025

என் அன்பு மகள் சுகந்தினிக்கு,

நான் நல்ல சுகம். நீ திரும்பவும் வான் ஓடுவது அறிந்து சந்தோசம். மழை இல்லை, ஆனாலும் குளத்து நீர் வயலுக்குப் போதும்.

ஒரு புதினம். முந்தநாள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் போனேன். புதிதாக வந்த விவசாய உத்தியோகத்தர் என்னைக் காட்டி யாரென்று தலைவரிடம் கேட்டார். பதினாறு வருடமாக இந்த ஊரில் என் பெயர் செவிட்டுச் செல்வராசா. அதைத்தான் சொல்லப்போகிறார் என்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இவர் சாரதி சுகந்தினியின்ர தகப்பன்" என்றார். உத்தியோகத்தர் எழும்பி எனக்குக் கதிரை தந்தார். நான் கூட்டம் முடியும்வரை நிமிர்ந்துதான் இருந்தேன், முதுகு இன்னும் நோகிறது.

இந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் இரண்டு பை அரிசி அனுப்புகிறேன். பெரியது உனக்கு. சின்னது யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவருக்குக் கொடு. அதைக் குருணலாக இடித்து, வறுத்த பயறும் கலந்து வைத்திருக்கிறேன். நாலு வயதுப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச இலேசாக இருக்கும்.

வேறு விசேசம் ஒன்றும் இல்லை.

உன் அப்பா
செல்வராசா